பெட்டிக்குள் ஒரு பேருலகம்

ஓவியமோ சிற்பமோ முறையாகப் பயிலாத ஒருவர், பிறர் வேண்டாமென ஒதுக்கிய பொருள்களைக் கொண்டே இருபதாம் நூற்றாண்டுக் கலை வரலாற்றில் நிலைபெற்றார். அவர்தாம் அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல்.

நியூயார்க் மாநிலத்தின் நயாக் என்னும் ஊரில் 1903ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கார்னெல் பிறந்தார். அவருடைய இளவல் இராபர்ட், பெருமூளை வாதத்தால் நடமாட இயலாதவர். 1917இல் தந்தை மறையவே, குடும்பச் சுமை மூத்த மகனின் தோளில் ஏறியது. சான்றிதழ் பெறாமலேயே பள்ளியை விட்டு நீங்கிய கார்னெல், 1921இல் துணி வணிக நிறுவனமொன்றில் விற்பனையாளரானார்.

பணியின் பொருட்டு மன்ஹாட்டன் தெருக்களில் அலைந்த அவரைப் பழைய புத்தகக் கடைகளும் பழம்பொருள் கடைகளும் ஈர்த்தன. நிலப்படங்கள், அஞ்சல்தலைகள், பறவைப் படங்கள் எனக் கண்டவற்றையெல்லாம் சேர்த்தார். 1931இல் ஜூலியன் லெவியின் கலைக்கூடத்தில் மாக்ஸ் எர்ன்ஸ்ட் உருவாக்கிய ஒட்டுப்படங்களைக் கண்டதும், தாம் சேர்த்தவையும் கலையாகக்கூடும் என உணர்ந்தார். மறு ஆண்டே அக்கூடத்தில் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன.

வரைவதும் செதுக்குவதும் அவர் வழியன்று. பொருள்களைத் தேர்ந்து, அருகருகே அமைப்பதே அவர் வழி. 1936இல் உருவான ‘சோப்புக்குமிழித் தொகுதி’ என்னும் பெட்டியில் களிமண் புகைக்குழல், பொம்மைத்தலை, கண்ணாடிக் கோப்பையிலுள்ள முட்டை ஆகியவற்றோடு நிலவின் வரைபடமும் உள்ளது. தனித்தனியே எளியனவாகிய அவை, ஒன்றுசேர்ந்ததும் குழந்தை ஊதும் குமிழியையும் வானத்துக் கோளையும் ஒருங்கே நினைவூட்டுகின்றன.

குயின்ஸ் பகுதியின் யுடோப்பியா பார்க்வேயில் இருந்த சிறு வீட்டில், 1929 முதல் தாயோடும் தம்பியோடும் அவர் வாழ்ந்தார். சமையலறை மேசையும் நிலவறையுமே அவருடைய பணிக்கூடங்கள். தம்பியைப் பேணும் கடமை அவரை வீட்டோடு பிணைத்தது. அமெரிக்காவை விட்டு ஒருமுறையும் வெளியே செல்லாத அவர், ஐரோப்பிய விடுதிகளின் பெயர் தாங்கிய தாள்களைப் பெட்டிகளுள் ஒட்டினார். கால்கள் செல்லாத நாடுகளுக்குக் கற்பனை சென்றது.

1965இல் இராபர்ட்டும் மறு ஆண்டில் தாயும் மறைந்தனர். தம்பி வரைந்திருந்த எளிய விலங்குப் படங்களைத் தம் ஒட்டுப்படங்களில் இணைத்து, அவருடைய நினைவைக் கார்னெல் போற்றினார். 1967இல் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் திரட்டிக் காட்சிப்படுத்தியது. எனினும், 1972இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் சிறுவர்களுக்கெனவே ஒரு கண்காட்சி நடந்தது. பெட்டிகள் அவர்களின் கண்ணுயரத்திற்கே தாழ்த்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் கார்னெல் மறைந்தார்.

வாழ்க்கை அவருக்கு அளித்த இடம் சிறிது. அச்சிற்றிடத்தையே அவர் தம் கலையின் வடிவமாக்கிக்கொண்டார்.