தாள் மடித்துக் கணிதம் கண்டவர்

மழைக்காலத்தில் சேலம், நாமக்கல் சமவெளி ஊர்களிலே தெருநீரில் சிறுவர்கள் காகிதக் கப்பல் விடுவர். மழை ஓய்ந்தபின் தாளைத் தவளையாக மடித்துத் திண்ணையில் தத்தச் செய்வர். இவ்விளையாட்டுக்கு அடிப்படையான தாள் மடிப்பினுள் உயர்ந்த கணிதம் உறைந்திருப்பதை உலகிற்கு உணர்த்தியவர், சென்னை மாகாணத்தில் வாழ்ந்த தண்டலம் சுந்தரராவ் ஆவார்.

சுந்தரராவ் கணிதப் பேராசிரியர் அல்லர். வருவாய்த்துறையில் டிப்டி கலெக்டராகப் பணியாற்றியவர். அலுவல்களுக்கிடையிலும் அவர் உள்ளம் வடிவ கணிதத்தை நாடியது. ஜெர்மானியக் கல்வியறிஞர் பிரோபெல் வகுத்த குழந்தைப் பள்ளி முறையில், மடித்து விளையாடச் சிறுவர்க்கு வண்ணத்தாள்கள் அளிக்கப்பட்டன. அத்தாள்களைக் கொண்டே வடிவ கணிதம் முழுவதையும் இனிது பயிற்றலாம் எனச் சுந்தரராவ் தெளிந்தார். தம் கருத்தை ஆங்கிலத்தில் நூலாக்கி, 1893ஆம் ஆண்டு சென்னையில் வெளியிட்டார்.

அவர் காட்டிய நெறி எளியது. தாளின் நேரான விளிம்பு ஒன்றைத் தன்மேலேயே பொருந்துமாறு மடித்தால், அம்மடிப்பு விளிம்புக்குச் செங்குத்தாக அமையும். நேர்கோட்டின் 180 பாகை இரண்டாகப் பகுக்கப்பட்டு, இருபுறமும் 90 பாகையாவதே இதன் காரணம். இனி, சதுரத் தாளை நெடுக்காக நடுவில் மடித்து விரித்திடுக. கீழ்மூலைகளுள் ஒன்று அசையாதிருக்க, மற்றொன்று நடுக்கோட்டின்மேல் படியுமாறு மடித்திடுக. அது படிந்த புள்ளியையும் இரு கீழ்மூலைகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம் பிறக்கும். கவராயம் வேண்டுவதில்லை, அளவுகோலும் வேண்டுவதில்லை. இவ்வாறு ஐங்கோணம், அறுகோணம் முதலியவற்றை அமைத்து, நீள்வட்டம் போன்ற வளைகோடுகள் வரையிலும் அவர் நூல் செல்கிறது.

தாள் தவளை தாவுவதற்கும் மடிப்பின் செம்மை இன்றியமையாதது. அதன் பின்புற மடிப்பை விரலால் அழுத்தும்போது, அது வளைத்த வில்லைப்போல் ஆற்றலைச் சேர்த்து வைக்கிறது. விரல் நழுவியதும் மடிப்பு விரிந்து தரையை உதைக்கிறது. தரையும் அதே விசையோடு தவளையை எதிர்த்துத் தள்ளுகிறது. இருபுறமும் ஒத்திருந்தால் தவளை நேரே பாயும். மடிப்புக் கோணினால் ஒருபுறம் சாயும்.

சுந்தரராவின் நூலை ஜெர்மனியின் கணிதப் பேரறிஞர் பெலிக்ஸ் கிளைன் 1895இல் வெளிவந்த தம் நூலிற் சுட்டினார். அதனை ஆங்கிலத்தில் பெயர்த்த பீமன், ஸ்மித் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர், சுந்தரராவின் நூலைத் தேடிப் பெற்றனர். மடித்த தாள்களின் நிழற்படங்களைச் சேர்த்து, 1901இல் சிகாகோ நகரில் அதனைப் பதிப்பிக்கச் செய்தனர். சென்னையில் தோன்றிய சிறுநூல் இங்ஙனம் கடல் கடந்து புகழ் பெற்றது.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று கல்வியிற் சோர்வது தகாது. கையில் ஒரு தாளும் கருத்தில் ஆராய்ச்சியும் இருப்பின், அறிவின் வாயில் திறக்கும். சுந்தரராவின் வாழ்வு நமக்குக் காட்டும் உண்மை இதுவே.