கரிவரதனும் காலியான கேலரியும்



ஆண்டு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டதும் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். விஸ்வேஸ்வரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம் எல்லோரும் ஏற்கெனவே பழைய மலர்களில் வந்துவிட்டார்கள். அதனால் மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு ரொம்ப நெருக்கமான, ஆனால் நம்மில் பாதிப் பேருக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரை எடுத்துக்கொண்டேன். அவர்தான் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். கார் பந்தயக்காரர், அதைவிட முக்கியமாக, பந்தயக் கார்களைத் தானே கட்டியவர்.

அவர் கதையோடு இன்னொரு கதையும் பின்னிக் கிடக்கிறது. ஒரு காலத்தில் கார் பந்தயம் என்றால் உயிரை விட்ட ரசிகர்கள் ஏன் மெல்ல மெல்ல விலகிப் போனார்கள்? இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் செய்த வேலையின் அருமை புரியும்.

கரிவரதன் பிறந்தது 1954-ல். கோவையின் லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஸ்பானர் பிடிப்பதில்லையே! இவர் பிடித்தார். கோவையின் மண்ணும் அப்படி. தெருவுக்குத் தெரு ஃபவுண்டரி, லேத் பட்டறை, பம்ப்செட் கம்பெனி. வார்க்கவும் கடையவும் பற்ற வைக்கவும் ஆள் கிடைக்கும் ஊர். மனசில் ஒரு பொருள் தோன்றினால் சீக்கிரமே அதைக் கையில் பிடித்துப் பார்த்துவிடலாம். அந்த ஊரில் வளர்ந்தவருக்குக் காரின் மேல் ஆசை வந்தபோது, ஓட்டினால் மட்டும் போதும் என்று அவர் நிற்கவில்லை.

அவர் வாலிபராக இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரர்கள் அந்த ஓடுதளத்தையே பந்தயத் திடலாக்கினார்கள். அங்கே ஓடியது என்ன தெரியுமா? அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு! ரோட்டில் நாம் பார்த்த அதே வண்டிகள்தான், உள்ளே கொஞ்சம் கைவேலை செய்திருப்பார்கள். பைக் பந்தயத்தில் புல்லட், ஜாவா, எஸ்டி, ராஜ்தூத். நடுவில் சில வெளிநாட்டு வண்டிகளும் வரும். விஜய் மல்லையா எண்பதுகளின் தொடக்கத்தில் என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கே கொண்டுவந்து ஓட்டினார்.

நான் இருப்பது திருவண்ணாமலையில், ரமணாசிரமம் பகுதி. எங்க பெரியப்பா செங்கம் ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தவர். எண்பதுகளில் சோழவரம் பந்தயம் என்றால் முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிவிடுவாராம். பட்டறைப் பையன்கள் மூன்று நான்கு பேரும் கூடவே போவார்கள். விடியற்காலை சென்னையில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து செங்குன்றம் போய், அங்கிருந்து கூட்டத்தோடு கூட்டமாக நடை. பொட்டல் வெயில், புழுதி, தண்ணீருக்குத் திண்டாட்டம். ஆனாலும் அடுத்த வருஷமும் போவார்கள்.

ஏன் போனார்கள்? வேகத்தைப் பார்க்க என்று நாம் நினைக்கிறோம். வேகம் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் இல்லை என்பது என் கருத்து. எங்க ஊர்க்காரனுக்கு இதைத் தேரை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். கார்த்திகை தீபத் திருவிழாவில் ஏழாம் நாள் மகாரதம் மாடவீதியில் வரும்போது லட்சக்கணக்கில் ஜனம் கூடுகிறது. தேர் என்ன வேகமாகவா போகிறது? ஆமை வேகம்! ஆனால் வடத்தில் நம்ம கை இருக்கிறது. கை எட்டாதவனுக்கும் தன் வீட்டுக்காரன் ஒருவன் கை அதில் இருக்கிறது. சோழவரத்திலும் அப்படித்தான். திங்கள்கிழமை தான் டப்பெட் அட்ஜஸ்ட் பண்ணப்போகிற அதே ஃபியட், ஞாயிற்றுக்கிழமை கண் முன்னால் பறக்கிறது. அந்த இன்ஜினுக்குள் என்ன செய்திருப்பான் என்று பெரியப்பா பட்டறையில் ஒரு மாசத்துக்குப் பேச்சு ஓடுமாம். வடத்தில் அவர் கையும் இருந்தது.

கரிவரதன் இந்தச் சோழவரத்தில் ஓட்டி வளர்ந்தவர். நன்றாக ஓட்டுகிறவர் என்று பெயரும் வாங்கினார். ஆனால் ஓட்டும்போதே அவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. நல்ல பந்தயக் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். அதற்கு ராஜா வீட்டுப் பிள்ளையாகவோ முதலாளி வீட்டுப் பிள்ளையாகவோ இருக்க வேண்டும். திறமை இருந்து காசு இல்லாதவன் கேலரியில் உட்கார வேண்டியதுதான். இப்படியே போனால் இந்த விளையாட்டு நாலு பேர் பொழுதுபோக்காகவே நின்றுவிடும். தானே வசதியான வீட்டுப் பிள்ளையாக இருந்தவர் இதைப் பற்றிக் கவலைப்பட்டார் பாருங்கள், அங்கேதான் அவர் பெரிய மனிதர்.

கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற பெயரில் பந்தய வண்டிகள் கட்டும் பட்டறையை நடத்தினார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. இன்ஜின். எடை குறைவு, உதிரி பாகம் ஊருக்கு ஊர் கிடைக்கும். எல்லோரும் அதைக் குடும்பக் காராகப் பார்த்தார்கள். கரிவரதன் அதைப் பந்தயக் காரின் இதயமாகப் பார்த்தார். 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது!

நம்ம ஆட்டோமொபைல் பேப்பருக்கும் உதவும் என்பதால் அதன் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். மாருதியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக முன்னால் குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரங்களைச் சுழற்றும். அந்தக் கட்டை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆகும்? பின் சக்கரம் சுழலும், எடை பின்னால் போகும், நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வேண்டியதில்லை. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூடு, மேலே ஃபைபர் உடம்பு, ஒருவர் மட்டும் படுத்தாற்போல உட்கார ஒரு இருக்கை. தலைக்கு மேல் கூரை கிடையாது. அவ்வளவுதான்! இதில் நம்ம ஊர் வெல்டரும் டர்னரும் செய்ய முடியாத வேலை எது? இன்ஜின் போனால் பக்கத்து ஊர் மாருதி கடையில் பாகம் வாங்கலாம். எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்பதால் பணம் ஜெயிக்காது, கை ஜெயிக்கும்.

இது வெறும் பேச்சோடு நின்றதா? இல்லை. 1992-ல் ஃபார்முலா மாருதியில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய ஒரு கோவைப் பையன், 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கினான். அந்தப் போட்டியில் கால் வைத்த முதல் இந்தியர், நரேன் கார்த்திகேயன். குழாயைப் பற்றவைத்துக் கட்டிய அந்தச் சின்ன வண்டிதான் அவருடைய முதல் படி.

ஆனால் நண்பர்களே, இதே காலத்தில் கேலரியில் வேறொன்று நடந்தது. 1990-ல் பந்தயம் சோழவரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. பந்தயத்துக்கென்றே போட்ட திடல், சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்று, வளைவுகள், பாதுகாப்பு இடைவெளி எல்லாம் முறையாக. இது தேவையான மாற்றம்தான். ஓடுதளத்து ஓரத்தில் ஜனம் நிற்க, பக்கத்திலேயே வண்டி சீறுவது ஆபத்து என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பெரியப்பாவைப் போன்றவர்கள் ஒன்றிரண்டு தடவை போய்விட்டு அப்புறம் போகவில்லை.

காரணம் கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். கார்கள் தூரமாகப் போய்விட்டன, ஒரு வளைவில் கண்ணில் பட்டு அடுத்த வளைவில் மறைந்துவிடுகின்றன. டயர் கம்பெனி அணிகளின் வண்ணம்தான் தெரிகிறதே தவிர உள்ளே இருப்பது யார் என்று தெரியவில்லை. எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருப்பதால் எதற்குக் கை தட்டுவது என்று புரியவில்லை. அப்புறம் கேபிள் டி.வி. வந்து வெளிநாட்டுப் பந்தயத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. ஷூமாக்கரைக் கட்டிலில் சாய்ந்துகொண்டே பார்த்தவருக்கு ராத்திரி பஸ் ஏற மனம் வரவில்லை.

இது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. ஸ்டாக் என்றால் ஷோரூமில் விற்பனைக்கு நிற்கிற சரக்கு. ஆரம்பத்தில் கடையில் விற்கிற காரையே பந்தயத்தில் விட்டதால் அந்தப் பெயர். சோழவரத்து அம்பாசிடருக்கு அது அண்ணன் முறை! 1948-ல் நாஸ்கார் என்ற அமைப்பின் கீழ் ஒழுங்குபட்டு, பெரும் கூட்டம் சேர்ந்தது. அப்புறம் என்ன ஆனது? 1996-ல் நார்த் வில்க்ஸ்போரோ என்ற பழைய சின்னத் திடலைக் கைவிட்டு, அதன் பந்தயங்களை வேறு ஊர்த் திடல்களுக்குக் கொண்டுபோனார்கள். 2001-ல் டேல் எர்ன்ஹார்ட் என்ற ரசிகர்களின் செல்லப்பிள்ளை டேடோனா பந்தயத்தில் மோதி இறந்தார். 2004-ல் சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும் கணக்கையே மாற்றினார்கள். 2007-ல் எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் உடம்பு ஒரே அச்சு என்ற நிலை வந்தது. ஃபோர்டு ரசிகனும் ஷெவர்லே ரசிகனும் தங்கள் காரை ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். பின்னாளில் பெரிய பெரிய திடல்களிலேயே இருக்கைகளைக் கழற்றி எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

பழைய ரசிகன் கோபித்துக்கொண்டு கத்திவிட்டுப் போவதில்லை. ஒரு வருஷம் வரமாட்டான். அடுத்த வருஷம் ரிசல்ட் மட்டும் பார்ப்பான். மூன்றாம் வருஷம் அதுவும் மறந்துபோகும். வடம் கையை விட்டு நழுவியது அவனுக்கே தெரியாது.

அப்படியானால் எல்லா வண்டியையும் ஒரே மாதிரி ஆக்கிய கரிவரதனும் ஒரு காரணமா? இந்தக் கேள்வி எனக்கே வந்தது. ரொம்ப நாள் யோசித்தேன். ஓட்டுகிறவனுக்கு நியாயம் செய்தால் பார்க்கிறவனுக்குச் சுவை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் செய்தது பாதி வேலை. பையன்கள் கையில் வடத்தைக் கொடுத்தார். கேலரியில் இருப்பவன் கையிலும் அதைக் கொடுப்பது மீதிப் பாதி. வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது, யார் கட்டினார்கள், ஓட்டுகிற பையன் எந்த ஊர் என்று ஜனத்துக்குச் சொல்லிக் காட்டுவது. அந்தப் பாதிக்கு நேரம் கிடைக்கவில்லை. 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் காலமானார். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

அவர் போன பிறகும் அவர் போட்ட பாதை நிற்கவில்லை. கோவை செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் திடலுக்கு கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். மாருதி இன்ஜின் வைத்த ஒற்றை இருக்கை வண்டிகள் அங்கே தொடர்ந்து ஓடின. பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவந்து போட்டி போடும் ஃபார்முலா பாரத் நிகழ்ச்சியும் அங்கே நடந்திருக்கிறது. டெல்லிக்குப் பக்கத்தில் பெரும் செலவில் கட்டிய திடலில் ஃபார்முலா ஒன் 2011, 2012, 2013 என்று மூன்றே வருஷம் நடந்து நின்றுபோனது. கோவையின் சின்னத் திடலோ இருபது வருஷம் தாண்டியும் பையன்களை உருவாக்குகிறது. இரண்டில் எது பெரியது, நீங்களே சொல்லுங்கள்!

ரசிகர்கள் திரும்பி வருவார்களா? வருவார்கள் என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் கைவிட்ட அந்த நார்த் வில்க்ஸ்போரோ திடலில் 2023-ல் மறுபடியும் நாஸ்கார் பந்தயம் வைத்தபோது ஜனம் திரண்டு வந்தது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 பந்தயம் ஓடியபோது, பந்தயமே பார்த்திராத குடும்பங்கள்கூட வந்து பார்த்தன. ஆனால் ஒரு நாள் வேடிக்கைக்கு வருகிறவன் வேறு, ஒரு மாசம் பட்டறையில் அதையே பேசுகிறவன் வேறு. இரண்டாமவனை உண்டாக்க வேண்டுமானால் காரை அவனுக்குச் சொந்தமாக்க வேண்டும்.

அது யாருடைய வேலை? டிப்ளமோ படிக்கிற நம்முடைய வேலைதான் என்பேன். கிரிவலப் பாதையில் ஜனம் நடக்கிற நேரத்தில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிறார்களே நம்மில் சிலர், அது பந்தயம் இல்லை. அங்கே யாரும் கை தட்டுவதில்லை, நடக்கிறவர் பயந்து ஒதுங்குகிறார். அதே பெட்ரோல் காசைச் சேர்த்து, ஒர்க்‌ஷாப்பில் நாலு குழாயைப் பற்றவைத்து, ஒரு பழைய இன்ஜினை உட்காரவைத்து ஒரு சின்ன கோ-கார்ட் கட்டிப் பார்ப்போமே. வெல்டிங் சார் உதவாமலா போய்விடுவார்? முடிந்ததும் பேனட்டைத் திறந்துவைத்து, கல்லூரிக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் எது எதற்கு என்று விளக்குவோம். எங்க பெரியப்பாவை நான் கூட்டி வருகிறேன். டப்பெட் சத்தம் சரியில்லை என்று முதல் ஆளாகக் குறை சொல்வார். சொல்லட்டும்! குறை சொல்கிற ரசிகன்தான் வேண்டும், அவன் கைதான் வடத்தில் இருக்கிறது.