அபினும் செர்ட்டூர்னரும்

கசகசாக் காயின் பால் உறைந்தால் அபின். அதில் நோவைத் தணிக்கும் பொருள் எது என்று முதன்முதலில் பிரித்துக் காட்டியவர் பேராசிரியர் அல்லர். மருந்துக்கடையில் வேலை பழகிய ஓர் இளைஞர். பிரெடெரிக் செர்ட்டூர்னர் 1783-இல் ஜெர்மனியின் நொய்ஹவுஸ் என்னும் ஊரில் பிறந்தார். பதினாறாம் வயதில் பாடர்போர்ன் நகர மருந்துக்கடையில் சேர்ந்தார்.

அக்காலத்தில் அபினின் வீரியம் சரக்குக்குச் சரக்கு மாறும். ஒருவரை உறங்க வைத்த அதே எடை இன்னொருவரின் உயிரைக் குடிக்கும். செர்ட்டூர்னர் அபின் கரைசலில் அம்மோனியாவைச் சேர்த்துப் படிகங்களைப் பிரித்தார். அவை காரத்தன்மை உடையவை. வேதியியல் பயிலும் நண்பர்கள் இங்கே சற்று நிற்கவேண்டும். ஆல்கலாய்டு என்று நாம் எழுதிப் பழகிய பெருங்குடும்பத்தின் முதற்பிள்ளை அதுதான். 1805, 1806 ஆகிய ஆண்டுகளில் அவர் எழுதியவற்றை அறிஞர் உலகம் பொருட்படுத்தவில்லை.

பிறகு அவர் செய்ததை எண்ணினால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கிறது. பதினேழு வயதைத் தாண்டாத மூன்று இளைஞர்களுக்கும் தமக்கும் ஏறத்தாழ 30 மில்லிகிராம் வீதம், முக்கால் மணி நேரத்திற்குள் மூன்று முறை அப்பொருளைக் கொடுத்தார். முகம் சிவந்தது, மயக்கம் கவிந்தது. அஞ்சிப்போன அவர் கடுங்காடியைப் (வினிகரை) பருகச் செய்து வாந்தி எடுக்கவைத்தார். நால்வரும் பிழைத்தனர். தம்மைச் சோதனைக்கு உட்படுத்தியது துணிவு. அந்தச் சிறுவர்களை உட்படுத்தியதை என்னால் அவ்வாறு சொல்ல முடியவில்லை. காடி வயிற்றில் எஞ்சியதைத்தான் வெளியேற்றும். குருதியில் கலந்து மூச்சை அடக்கும் நஞ்சை அது என்ன செய்யும்?

அதற்குரிய மாற்று மருந்து வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1961-இல் அமெரிக்காவில் பிஷ்மன், லெவன்ஸ்டைன் என்னும் இருவர் நாலாக்சோன் என்ற பொருளுக்குக் காப்புரிமை கோரினர். 1971-இல் அது மருந்தாக ஏற்கப்பட்டது. வியப்பு யாதெனில், அதன் மூலக்கூறு மார்பீனின் சாயலையே கொண்டது. மூளையில் மார்பீன் அமரும் இருக்கையிலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் அமரும். ஆனால் மயக்கம் தராது. ஊசியாகச் செலுத்தினால் சில நிமிடங்களில் மூச்சுத் திரும்பும். எனினும் அதன் ஆற்றல் 30 முதல் 90 நிமிடம் வரைதான். மார்பீன் அதற்குப் பின்னும் உடலில் தங்கலாம். எனவே எழுந்து உட்கார்ந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவே வேண்டும். 2023 முதல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே மூக்கில் தெளிக்கும் நாலாக்சோனை வாங்கலாம்.

செர்ட்டூர்னருக்குப் புகழ் 1817-இல் வந்தது. கனவுத் தெய்வமான மார்பியசின் பெயரைத் தம் பொருளுக்குச் சூட்டி அவர் எழுதிய கட்டுரை பிரான்சின் கேலுசாக் கண்ணில் பட்டது. 1831-இல் பிரெஞ்சு அறிஞர் கழகம் 2000 பிராங்க் பரிசளித்தது. 1841-இல் ஹாமல்ன் நகரில் மருந்துக்கடைக்காரராகவே அவர் மறைந்தார்.