அழித்த பதிவில் கிடைத்த பெயர்



மலருக்குக் கட்டுரை கொடு என்று கேட்டபோது ஜி.டி.நாயுடுவைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோயமுத்தூர் பாலிடெக்னிக் மாணவன் வேறு யாரைப் பற்றி எழுதுவான்? ஆனால் நாயுடுவைப் பற்றி எழுத இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் எழுதப்போவது ஒரு நூலகரைப் பற்றி. நூலகரைப் பற்றி எழுத என்ன கிடக்கு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன மே மாதம் வரை நானும் அப்படிக் கேட்டவன்தான்.

அந்த விடுமுறையில் எங்கள் துறை சீனியர் அண்ணா ஒருத்தர் என்னை ஒரு நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெயர் வேண்டாமே. அங்கே மேஜைக்கு அடியில் தூசி படிந்த ஒரு கம்ப்யூட்டர். நூலகத்தின் பழைய புத்தகப் பட்டியல் முழுக்க அதற்குள்தான். சி.டி.எஸ்./ஐசிஸ் என்ற மென்பொருளில் ஏற்றியது. யுனெஸ்கோ 1985-ல் இதைச் சின்னக் கம்ப்யூட்டர்களில் ஓடும்படி வெளியிட்டு, லாபம் பார்க்காத நிறுவனங்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. நம் நாட்டில் நிசாட் என்ற மத்திய அரசுத் திட்டம் அதை நூலகங்களுக்கு வழங்கிப் பயிற்சியும் தந்தது. இப்போது அந்த மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு, வரிசை எண், தலைப்பு, விலை இந்த மூன்றை மட்டும் புதிதாக டைப் அடித்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது. எந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் உட்கார்ந்து போட்ட சொற்கள் எல்லாம் போச்சு என்று அர்த்தம்.

ஐசிஸ் கோப்பைப் படிப்பதற்கென்றே பெர்ல் மொழியில் ஒரு மாட்யூல் இருப்பதை அண்ணா கண்டுபிடித்து வைத்திருந்தார். டேட்டாபேஸ் என்றால் நமக்கு டேபிள், வரிசை, பத்தி என்றுதான் பழக்கம். ஐசிஸ் அப்படி இல்லை. மாஸ்டர் கோப்பு ஒன்று. அதில் பதிவுகள் அடுத்தடுத்துக் கிடக்கும், ஒவ்வொன்றும் ஒரு நீளம். எந்தப் பதிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல எக்ஸ்.ஆர்.எஃப். என்று இன்னொரு கோப்பு, அதில் ஒரு பதிவுக்கு 4 பைட். பதிவுக்கு உள்ளே தலைப்பு, ஆசிரியர் என்றெல்லாம் எழுதியிருக்காது. வெறும் எண்கள்தான். 24 என்றால் தலைப்பு, 70 என்றால் ஆசிரியர், 69 என்றால் பொருட்சொற்கள். யுனெஸ்கோவின் மாதிரிக் கோப்பில் இருந்த எண்களையே இவர்களும் வைத்திருந்தார்கள், அதனால் பிழைத்தோம். ஒரே புலத்துக்குள் ஊர், பதிப்பகம், வருஷம் என்று பிரிப்பதற்குத் தொப்பி மாதிரி ஒரு குறி. பத்துப் பதினைந்து வரி நிரல் எழுதினால் மாட்யூல் இதையெல்லாம் பிரித்துக் கையில் கொடுத்துவிடுகிறது.

ஒரு விஷயம் எனக்குப் புதுசாக இருந்தது. ஐசிஸில் ஒரு பதிவை அழித்தால் அது உடனே அழிவதில்லை. அழிந்தது என்று அடையாளம் மட்டும் விழும். கோப்பைச் சுருக்கி மறுபடி எழுதுகிற வரைக்கும் பதிவு உள்ளேயே கிடக்கும். அழித்ததையும் சேர்த்துக் காட்டு என்று மாட்யூலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் வெளியே வந்துவிடும். சும்மா சொல்லிப் பார்த்தேன். கிழிந்துபோனவை, காணாமல்போனவை என்று கழித்த புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றில் 70-ஆம் புலத்தில் ரங்கநாதன், எஸ்.ஆர். என்று இருந்தது. இவர் யார் என்று நூலகர் அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நம்ம கோயமுத்தூரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான், போய்ப் படி தம்பி என்றார்கள். படித்தேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் 1892 ஆகஸ்டில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழிப் பக்கம் பிறந்தவர். ஆறு வயதில் அப்பா இறந்துவிட்டார். சீர்காழியில் பள்ளிப் படிப்பு, பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம், பி.ஏ., எம்.ஏ. சைதாப்பேட்டையில் ஆசிரியர் பயிற்சியும் முடித்தார். 1917-லிருந்து மங்களூர் அரசுக் கல்லூரி, அடுத்து நம் கோவை அரசுக் கல்லூரி, அடுத்து சென்னை மாநிலக் கல்லூரி என்று கணக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆர்ட்ஸ் காலேஜ் ரோடு வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறோம், யாருக்காவது தெரியுமா? இதில் இன்னொன்று, அவருக்குத் திக்குவாய். வகுப்பில் நின்று பேசியே பிழைக்க வேண்டிய வேலைக்குத் திக்குவாயோடு போனவர். வைவாவில் நாக்கு ஒட்டிக்கொள்கிற நம்மில் சிலர் இதைக் கவனிக்கவும். போகப்போக அதைச் சரிசெய்துகொண்டார்.

சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கு ஒரு நூலகர் வேண்டுமென்று அறிவித்தபோது சுமார் 900 பேர் விண்ணப்பித்தார்களாம். அதில் ஒருவருக்குக்கூட நூலகப் பயிற்சி கிடையாது. ரங்கநாதனும் விண்ணப்பம் போட்டார், போட்டதையே மறந்துவிட்டார். நேர்முகத்துக்கு அழைப்பு வந்த பிறகு பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் தயாரிப்பு. முதல் நாள் ராத்திரி புத்தகத்தைப் புரட்டிவிட்டுப் பரீட்சைக்குப் போகும் ரகம் நாம் மட்டும் இல்லை! கணிதத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியிருந்ததால் வேலை கிடைத்தது. 1924 ஜனவரியில் சேர்ந்தார். ஒரே மாதத்தில் பிடிக்காமல் போய்விட்டது. பசங்களோடு பேசிப் பழகியவருக்கு அந்த ஆளில்லாத அறை தாங்கவில்லை. பழைய வேலையைக் கொடுங்கள் என்று கேட்டார். லண்டன் போய் அங்கே நூலகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் கணக்கு வகுப்புக்கே திரும்பலாம் என்று ஒப்பந்தமாயிற்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்பவர் அவருக்கு ஆசிரியர். அங்கே நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் திறந்திருப்பதைப் பார்த்தபோதுதான் அவர் மனசு மாறியது. இன்னொன்றும் நடந்தது. மெக்கானிக்கல் பிரிவுத் தோழர்கள் கவனிக்கவும். செல்ஃப்ரிட்ஜ் என்ற பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியை அவர் பார்த்தார். துளை போட்ட தகடுகள், சக்கரங்கள், நட்டு, போல்ட்டு. அதே தகடுகளை மாற்றி மாற்றி முடுக்கினால் ஒரு நேரம் கிரேன், ஒரு நேரம் பாலம்.

இதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்? டியூவி முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஒரு குழி தோண்டி எண் போட்டு வைத்திருப்பார்கள். நெசவு என்றால் 677. புதிதாக ஒரு பொருள் வந்தால் குழி இருக்காது, பக்கத்துக் குழியில் திணிக்க வேண்டும். ரங்கநாதன் குழி தோண்டவில்லை, தகடுகள் செய்தார். மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து. நுரையீரலுக்கு 45. காசநோய்க்கு 421. இந்தியாவுக்கு 44. இந்தியாவில் நுரையீரல் காசநோய் பற்றி ஒரு புத்தகம் வந்தால் இந்தத் துண்டுகளை எடுத்துக் கோர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கோர்க்கிற நட்டு போல்ட்டு எது என்றால் நிறுத்தற்குறி. முதலில் முக்காற்புள்ளி மட்டும், பின்னால் வந்த பதிப்புகளில் மற்றக் குறிகளும் சேர்ந்தன. 1933-ல் வெளியான இதற்குக் கோலன் பகுப்பு என்று பெயர். எந்தப் பொருளையும் ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்று ஐந்து பக்கத்திலிருந்து உடைக்கலாம் என்று பிற்பாடு வகுத்தார்.

இதைப் படித்தபோது எனக்கு மேஜைக்கு அடியில் கிடந்த கோப்புதான் ஞாபகம் வந்தது. 24, 70, 69 என்ற எண்களும் தொப்பிக் குறியும் செய்வதும் இதே வேலைதானே! ஒரு புத்தகத்தைப் பற்றிய செய்தியை ஒரே வாக்கியமாக எழுதாமல், துண்டு துண்டாக உடைத்து, துண்டுகளுக்கு நடுவே குறி போட்டு வைப்பது. அப்படி உடைத்து வைத்ததால்தான் இத்தனை வருஷம் கழித்து ஒரு பெர்ல் மாட்யூல் அதைப் பிரிக்க முடிகிறது. ஐசிஸை அவர் செய்யவில்லை, அது வந்தபோது அவர் உயிரோடும் இல்லை. ஆனால் இன்று ஆன்லைனில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று ஓரத்தில் டிக் அடித்துத் தேடுகிறோமே, அந்த முறையின் வேரைத் தேடிப் போகிறவர்கள் கோலன் பகுப்பில்தான் போய் நிற்கிறார்கள். உண்மையையும் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் பெரும்பாலான நூலகங்கள் டியூவியையே வைத்துக்கொண்டன. நாங்கள் திறந்த கோப்பிலும் டியூவி எண்தான். கோலன் எண்கள் சில சமயம் ரயில் பெட்டி மாதிரி நீண்டுவிடும், புத்தக முதுகில் ஒட்ட இடம் போதாது.

1925-ல் சென்னை திரும்பியவர் கணக்குப் பக்கம் போகவில்லை. இருபது வருஷம், தினம் பதின்மூன்று மணி நேரம், ஞாயிறு கூட லீவு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அலமாரிகளைத் திறந்துவிட்டு, படிப்பவர்களே உள்ளே போய் எடுக்கட்டும் என்றார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த வருஷம் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு. 1931-ல் ஐந்து விதிகளைப் புத்தகமாகப் போட்டார். என் வார்த்தையில் சொன்னால், புத்தகம் பூட்டி வைக்கும் நகை இல்லை, எந்த ஆளுக்கும் அவனுக்கான புத்தகம் ஒன்று இருக்கிறது, அவனை அலைய விடாதே, நூலகம் வளர்ந்துகொண்டே போகும் உயிர், இப்படிப் போகிறது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள்.

1928-ல் முதல் மனைவி ருக்மிணி விபத்தில் இறந்தார். மறு வருஷம் சாரதாவை மணந்தார். கல்யாணம் முடிந்த அன்று மதியமே நூலகத்துக்குப் போய்விட்டாராம். எழுதுகிறவர்கள் இதைப் பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மா என்ன நினைத்தாரோ!

1945-ல் சென்னையை விட்டு காசி இந்துப் பல்கலைக்கழகம் போய், அங்கே சுமார் ஒரு லட்சம் புத்தகங்களைத் தன் கையாலேயே வகைப்படுத்தினார். 1947-ல் டெல்லிப் பல்கலைக்கழகம். 1957-ல் பத்மஸ்ரீ. 1962-ல் பெங்களூரில் ஆவணமாக்கத்துக்கு ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். சேர்த்த பணத்தில் ஒரு லட்ச ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் பதவி ஏற்படுத்தினார். 1972 செப்டம்பர் 27-ல் பெங்களூரில் மறைந்தார்.

ஒன்றைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். ஊருக்கு ஊர் நூலகம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று அவர் பல வருஷம் மசோதா எழுதிக்கொண்டே இருந்தார். அது பலித்தது 1948-ல், சென்னைப் பொது நூலகச் சட்டமாக. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சர் யார் தெரியுமா? பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய நம்ம அவினாசிலிங்கம் செட்டியார். வீட்டு வரியோடு நூலக வரி வசூலிப்பதற்கு அந்தச் சட்டம்தான் ஆதாரம். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியில் இருந்த பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். நூலக வரி என்று தனியாக ஒரு தொகை. எங்க ஐயன் தறி ஓட்டுகிறவர், பள்ளிக்கூடம் பாதியில் நின்றவர். அப்பத்தாவுக்குக் கையெழுத்தே கிடையாது, ரேகைதான். இதுவரை எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரும் நூலகப் படி ஏறியதில்லை. வரி மட்டும் தவறாமல் கட்டியிருக்கிறார்கள். ஐயனிடம் சொன்னேன். அப்படின்னா போய் நல்லாப் படிச்சிட்டு வா, காசு கட்டியாச்சில்ல என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

கோப்பு முழுவதையும் இறக்கி முடித்துவிட்டோம். பொருட்சொற்கள் உட்படப் புதிய மென்பொருளில் ஏற்றிக்கொள்ள நூலகத்தில் சம்மதித்துவிட்டார்கள். அழித்த பதிவுகளைத் தனிப் பட்டியலாகக் கொடுத்திருக்கிறோம். ரங்கநாதனின் அந்தப் புத்தகத்தை அலமாரி அலமாரியாகத் தேடியும் கிடைக்கவில்லை. தமிழ்ப் புத்தகங்களின் தலைப்புகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன, அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தமிழில் திருத்த வேண்டும். இரண்டாம் ஆண்டுத் தோழர்கள் யாருக்காவது சனிக்கிழமை மதியம் ஓய்வு இருந்தால், ஆய்வகத்தில் எங்களை வந்து பாருங்கள்.