கங்கைகொண்ட சோழன்

முதலாம் இராசராசனுடைய திருமகன் இராசேந்திரன். இளமையிலேயே தந்தையின் படைகளை நடத்திப் பயின்ற இவன், 1012-ஆம் ஆண்டில் இளவரசுப் பட்டம் பெற்று, 1014-இல் முழு ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றான். இவனுடைய கடற்படை கடாரம் வரை சென்று வென்றதை உலகம் அறியும். ஆயினும், இவன் மேற்கொண்ட செயல்களுள் மிக அரியது போர்க்களத்தில் நிகழ்ந்ததன்று. இன்றைய அரியலூர் மாவட்டத்து மேட்டு நிலத்தில் நிகழ்ந்தது.

தஞ்சை அப்பொழுது செல்வம் கொழித்த தலைநகர். தந்தை எடுத்த பெருங்கோயிலும் அங்கேதான் இருந்தது. அதனை விட்டு இராசேந்திரன் கொள்ளிடத்தின் வடபால் புதுநகர் காண விழைந்தது ஏன்? மேலைச் சாளுக்கியரோடு ஓயாத பகை இருந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகுங்காலத்தில் படைகளும் யானைகளும் ஆற்றைக் கடந்து வடக்கே செல்லுதல் அரிது. இதனை எண்ணியே அவன் ஆற்றுக்கு அப்பால் தலைநகரை அமைத்தான் என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர்.

வெள்ளத்தின் இடர் நீங்கிற்று. ஆனால் நீரின்மை என்னும் இடர் எதிர்நின்றது. அம்மேட்டு நிலம் வானத்தை நோக்கி வாழ்வது. பல்லாயிரம் மக்களும் படைகளும் தங்கும் நகருக்கு ஊற்றுநீர் மட்டும் போதுமா? ஆகவே நகரின் மேற்கே கடல்போன்ற ஏரி ஒன்றை அவன் அமைத்தான். அதன் கரை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 16 மைல் நீண்டிருந்தது. கொள்ளிடத்திலிருந்து சுமார் 60 மைல் நீளமுள்ள கால்வாய் ஒன்று தென்பால் வந்து சேர்ந்தது. வெள்ளாற்றிலிருந்து மற்றொன்று வடபால் வந்தது. இரண்டு ஆறுகளையும் இணைத்த அறிவு வியக்கத்தக்கது. குடகில் தென்மேற்குப் பருவமழை பெய்யின் கொள்ளிடம் பெருகும். வெள்ளாறோ பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று உதவும் அன்றோ? மேலும், 60 மைல் தொலைவுக்கும் நிலத்தின் சரிவை அளந்தறிதல் வேண்டும். இடையில் சில அடி பிழைப்பினும் நீர் ஏரியை எட்டாது. இக்காலத்துக் கருவிகள் எவையும் இன்றி அதனைச் செய்தனர்.

வடநாடு சென்ற சோழர் படை கொணர்ந்த கங்கைநீரை இவ்வேரியில் பெய்து, இதற்குச் சோழகங்கம் எனப் பெயரிட்டனர். பிற வேந்தர் கல்லால் வெற்றித்தூண் நாட்டுவர். இவன் நீரால் நாட்டினான் என்னும் கருத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தருகிறது.

நகரின் பணிகள் நிகழ்ந்த இடங்களை ஊர்ப்பெயர்கள் இன்றும் காட்டுகின்றன. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு; கோட்டைக்குள் அடங்கியது உட்கோட்டை; படைக்கலங்கள் இருந்தது ஆயுதக்களம்; கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு ஆயத்தம் செய்தது சுண்ணாம்புக்குழி. பேரரசரை மறந்தாலும், சுண்ணாம்பு அரைத்த தொழிலாளரின் இடத்தை மக்கள் மறக்கவில்லை!

1044-இல் இராசேந்திரன் மறைந்தான். அவனுக்குப் பின்னரும் 1279 வரை அந்நகரே சோழர் தலைநகராக விளங்கிற்று. சோழராட்சி வீழ்ந்தபின் கால்வாய்கள் தூர்ந்தன, கரை உடைந்தது, ஏரிக்குள் காடு மண்டியது. எஞ்சிய பகுதியே பொன்னேரி என வழங்குகிறது. 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபொழுது, இராசேந்திரன் எடுத்த கோயிலின் மதிற்கற்களைப் பெயர்த்து அவ்வணைக்கே கொண்டு சென்றனர்.