கடல் தீவுகளில் எட்டு ஆண்டுகள்

வெயில் நாட்டுக்குப் போய், நாலு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவது எளிது. அங்கேயே பல ஆண்டுகள் தங்கி வாழ்வது எளிதல்ல. வயிற்றுக்குச் சோறு வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் வேண்டும். ஊர்ப் பாஷை தெரிய வேண்டும். காய்ச்சல் வந்தால் மருந்து வேண்டும். கையில் பணமும் வேண்டும்.

இவ்வளவையும் தம் முயற்சியால் தேடிக்கொண்டு, மலாய்த் தீவுகளில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார் ஒரு ஆங்கிலேயர். அவர்தான் ஆல்பிரட் ரசல் வாலஸ். இன்று மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா என்று வழங்கும் நாடுகளில்தான் அந்தத் தீவுகள் இருக்கின்றன.

பணக்கஷ்டம்

வாலஸ் 1823-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி வேல்ஸ் நாட்டில் பிறந்தார். தகப்பனார் பணத்தை இழந்து நொடித்துப் போனவர். அதனால் சுமார் 14 வயதில் வாலசின் பள்ளிப் படிப்பு நின்றது. அண்ணனோடு சேர்ந்து நிலம் அளக்கும் வேலை செய்தார்.

வண்டுகளையும் பட்டாம்பூச்சிகளையும் சேர்ப்பதில் அவருக்கு அளவில்லாத ஆசை. அந்தக் காலத்தில் தூர தேசத்துப் பறவைகளையும் பூச்சிகளையும் பதம் செய்து அனுப்பினால், காட்சிசாலைகளும் செல்வர்களும் விலை கொடுத்து வாங்குவார்கள். இதையே பிழைப்பாகக் கொண்டு, 1848-ல் தென் அமெரிக்காவின் அமேசான் காட்டுக்குப் போனார்.

கப்பலில் தீ!

அங்கே நாலு ஆண்டுகள் பாடுபட்டார். உதவிக்கு வந்த தம்பி ஹெர்பர்ட், மஞ்சள் காய்ச்சலில் 1851-ல் இறந்துபோனார்.

1852-ல் வாலஸ் ஊர் திரும்பினார். நடுக்கடலில் கப்பல் தீப்பற்றி எரிந்தது! சேர்த்த பொருள்களில் பெரும்பகுதி கண் முன்னே சாம்பலாயிற்று. திறந்த படகில் 10 நாட்கள் மிதந்த பிறகு, வேறொரு கப்பல் அவரைக் காப்பாற்றியது.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. லண்டனில் அவருடைய ஏஜெண்டாக இருந்த சாமுவேல் ஸ்டீவன்ஸ், அந்தச் சரக்கை 200 பவுனுக்கு இன்ஷூர் செய்து வைத்திருந்தார். அந்தப் பணம் வாலசைப் பட்டினியிலிருந்து காத்தது.

மீண்டும் பிரயாணம்

வேறொருவர் என்றால், இனிக் கடல் பக்கமே போகமாட்டார். வாலஸ் போனார். 1854 ஏப்ரலில் சிங்கப்பூரில் இறங்கினார்.

இந்தத் தடவை அவர் சரக்கு முழுவதையும் தம்மிடம் வைத்திருக்கவில்லை. சேர்ந்ததைப் பெட்டி பெட்டியாக அவ்வப்போது லண்டனுக்கு அனுப்பினார். ஸ்டீவன்ஸ் அவற்றை விற்றார். அந்தப் பணத்தில் அடுத்த பிரயாணம் நடந்தது.

மலாய் மொழியையும் கற்றுக்கொண்டார். தீவுக்குத் தீவு பாஷை மாறினாலும், துறைமுகங்களிலும் கடைத்தெருக்களிலும் மலாய் செல்லுபடியாகும். பேரம் பேசவும், படகு அமர்த்தவும், வீடு கேட்கவும் அதுவே கை கொடுத்தது.

சரவாக்கில் 1855-ல் அலி என்ற மலாய்ச் சிறுவன் வேலைக்கு வந்து சேர்ந்தான். முதலில் சமையல் செய்தான். பிறகு பறவை சுடவும், தோல் உரித்துப் பதம் செய்யவும் கற்றுக்கொண்டான். வாலஸ் காய்ச்சலில் விழுந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்து கவனித்தவனும் அவனே.

எறும்பும் பாம்பும்

வெயில் நாட்டில் எறும்பு பெரிய சத்துரு. ஒரு ராத்திரி கவனிக்காவிட்டால், பாடுபட்டுச் சேர்த்த பூச்சிகள் எல்லாம் காணாமல் போகும். லொம்போக் தீவில் வாலஸ் ஒரு உபாயம் செய்தார். பெஞ்சின் நாலு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தினார். எறும்பு தண்ணீரைத் தாண்டி வரவில்லை.

அம்போன் தீவில் ஒரு ஓலை வீட்டில் தங்கினார். ஒரு ராத்திரி கூரையில் ஏதோ சரசரத்தது. எலியாக இருக்கும் என்று தூங்கிவிட்டார். மறுநாள் படுத்தபடி புத்தகம் படிக்கும்போது அண்ணாந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே, மஞ்சளும் கறுப்புமாக ஒரு மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது! அதன் நீளம் சுமார் 12 அடி. பாம்பு பிடிக்கத் தெரிந்த ஒருவர் வந்து அதைக் கீழே இழுத்துப் போட்டார்.

காற்றை நம்பிய வாழ்க்கை

1856 டிசம்பரில் மக்காசார் துறைமுகத்தில் பாய்மரக் கப்பல் ஏறி, ஆரு தீவுகளுக்குப் புறப்பட்டார். மேல்காற்று அடிக்கும் காலத்தில்தான் அங்கே போகலாம். கீழ்க்காற்று வந்த பிறகுதான் திரும்பலாம். ஆகவே போகிறவர் அரை ஆண்டுக்கு வேண்டியதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். உள்ளூர் மக்களிடம் பண்டம் மாற்றக் கத்தி, துணி, புகையிலை போன்றவையும் வேண்டும். வாலஸ் மறு ஆண்டு ஜூலையில்தான் திரும்பினார்.

1858 ஜனவரியில் தெர்னாத்தே தீவில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துச் செப்பனிட்டார். அங்கே ஆழமான கிணறு இருந்தது. சுத்தமான, குளிர்ந்த தண்ணீர். கடைத்தெருவும் கடற்கரையும் ஐந்து நிமிட நடை. மாதம் தோறும் தபால் கப்பல் வந்தது. மூன்று ஆண்டுகள் அந்த வீடுதான் அவருக்குத் தலைமை இடம். காட்டில் மாதக்கணக்கில் அலைந்து, மெலிந்து வந்தால், அங்கே பாலும் ரொட்டியும் மீனும் முட்டையும் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்வார்.

ஜுரத்தில் பிறந்த எண்ணம்

1858 பிப்ரவரியில் அவருக்குக் கடும் குளிர்காய்ச்சல். கொசு கடிப்பதால் மலேரியா வருகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ரொனால்டு ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல்தான்.

நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது வாலசுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. பிறக்கும் உயிர்கள் எல்லாம் பிழைப்பதில்லை. சூழ்நிலைக்குப் பொருந்தியவை பிழைக்கின்றன; மற்றவை அழிகின்றன. இப்படியே தலைமுறை தலைமுறையாக உயிரினங்கள் மாறுகின்றன என்று அவர் கண்டார்.

ஜுரம் இறங்கியதும் அதை எழுதி, இங்கிலாந்தில் இருந்த சார்லஸ் டார்வினுக்குத் தபாலில் அனுப்பினார். டார்வின் திடுக்கிட்டார். அவரும் 20 ஆண்டுகளாக அதே முடிவில்தான் இருந்தார்! 1858 ஜூலை 1-ந் தேதி லண்டனில் விஞ்ஞானிகள் சபையில், இருவர் எழுதியதும் சேர்த்துப் படிக்கப்பட்டன.

பட்ட துன்பங்கள்

அதே ஆண்டு நியூகினியில் வாலசின் கால் புண்ணாகி, நடக்க முடியாமல் போயிற்று. உதவியாளர்களில் ஒருவர் நோயால் இறந்தார். முஸ்லிம் முறைப்படி அடக்கம் செய்ய, வாலஸ் புதுத் துணி கொடுத்தார்.

1860-ல் சொந்தப் படகில் போனார். வேலையாட்கள் ஓடிப்போனார்கள். நங்கூரங்கள் கடலில் போயின. பாய்களை எலி தின்றது. இரண்டு ஆட்கள் ஆளில்லாத தீவில் ஒரு மாதம் சிக்கிக்கொண்டார்கள். 12 நாளில் திரும்ப வேண்டிய பிரயாணம் 38 நாட்கள் இழுத்தது.

இவ்வளவுக்கும் நடுவே அவர் சேர்த்தவை 1,25,660. அவற்றில் பறவைகள் மட்டும் 8,050. பாச்சான் தீவில் கிடைத்த ஒரு சொர்க்கப் பறவைக்கு விஞ்ஞானிகள் வாலசின் பெயரையே வைத்தார்கள். அதைச் சுட்டுக் கொண்டுவந்தவன் அலி.

பிரிவு

1862-ல் வாலஸ் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் புறப்பட்டார். அலியை ஒரு போட்டோ எடுக்கச் செய்தார். தம் துப்பாக்கிகள் இரண்டையும், கருவிகளையும் அவனுக்குக் கொடுத்துவிட்டார். அலி தெர்னாத்தேயில் கல்யாணம் செய்து கொண்டிருந்தான்.

தம் அனுபவங்களை வாலஸ் 1869-ல் புத்தகமாக வெளியிட்டார். அது டார்வினுக்குச் சமர்ப்பணம். முதலில் நானே கண்டுபிடித்தேன் என்று வாலஸ் ஒருநாளும் சண்டைக்குப் போகவில்லை. 1913 நவம்பர் 7-ந் தேதி, 90 வயதில் காலமானார்.

பாய்மரக் கப்பலும் ஓலை வீடும் இருந்த அந்தக் காலத்தில், அந்நிய மண்ணில் அவரை உயிரோடு வைத்தவை நான்கு. கற்றுக்கொண்ட பாஷை, நல்ல கிணறு, நாணயமான ஏஜெண்ட், கூட இருந்த அலி.