சொற்களுக்குச் சான்று தேடியவர்

ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் கால் மணி நேரம் நின்றால் போதும். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே பேச்சில் கலந்து காதில் விழும். நமது பால் அங்கே ஹாலு, புலி, ஹுலி. ஆலை வாயில்களில் அன்றாடம் கேட்கும் இந்த உறவை ஏட்டில் பதிந்து வைத்திருக்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. தமிழ்ச் சொல்லோடு தெலுங்கு, கன்னட, மலையாள இனச்சொற்களையும் சேர்த்துத் தரும் அந்த அகராதியை நிறைவு செய்தவர் எஸ்.வையாபுரிப் பிள்ளை.

நெல்லைச் சீமையில் 1891-இல் பிறந்த அவர், தொழிலால் வழக்குரைஞர். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வழக்காடியவரை 1926-இல் பேரகராதிப் பணி அழைத்தது. 1913-இல் சாண்ட்லர் என்ற பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கிய அப்பணி அப்போது பாதிவழியில் இருந்தது. ஒரு லட்சம் ரூபாய் என்ற மதிப்பீடு, முடிவில் நான்கு லட்சத்தைத் தாண்டியது.

அகராதி ஆசிரியரின் ஒரு நாள் என்பது வெளியே தெரியாத உழைப்பு. ஒரு சொல்லை எடுத்தால் அதன் ஒலிப்பு, இலக்கண வகை, மூலம், தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள், அப்பொருளுக்கு நூலில் மேற்கோள் என அத்தனையும் பொருந்த வேண்டும். மேற்கோள் ஐயத்துக்குரியதெனில் ஓலைச்சுவடி வரை செல்ல வேண்டும். பிறகு அச்சுப்படி திருத்தம். அது முடிவதற்குள் அடுத்த சொல். இப்படியே பத்தாண்டுகள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு 1936-இல் ஆறு தொகுதிகளும், 1939-இல் அனுபந்தமும் நிறைவடைந்தன. தலைமைப் பண்டிதர் மு.இராகவையங்காரும் உடனிருந்த அறிஞர்களும் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1936 முதல் பத்தாண்டுகள் அவர் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையின் தலைவர். புறத்திரட்டும், சமாஜப் பதிப்பாக 1940-இல் வந்த சங்க இலக்கியமும் அக்காலத்தில் அவர் பதிப்பித்தவையே. சுவடிகளை ஒப்பிட்டுப் பாடம் முடிவு செய்யும் அதே கண்டிப்போடு அவர் நூல்களின் காலத்தையும் ஆராய்ந்தார். தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் பலர் நம்பியதைவிடப் பிற்காலத்தவை என்றார். துரோகி என்ற வசை வந்தது. அவர் குறித்த காலங்களில் பல இன்று ஏற்கப்படுவதில்லை. தமிழி கல்வெட்டுகளும் அகழாய்வுகளும் நமது பார்வையை மாற்றியிருக்கின்றன. பேரகராதி வடமொழி மூலத்துக்கு அதிக இடம் தந்தது என்ற தேவநேயப் பாவாணரின் குற்றச்சாட்டும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால், சான்றைச் சான்றால் மறுக்காமல் ஆளை ஏசியவர்கள் அவருக்குச் செய்தது அநீதி.

1951 முதல் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1956 பிப்ரவரி 17-இல் மறைந்தார். வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்துக்குச் சென்றன. அவரது சுவடிகளைக் காண விரும்பும் தமிழ் மாணவர் இன்றும் அவ்வளவு தொலைவு ரயிலேற வேண்டும்.